மைக்கக்காவின் தனிப் பிளக்

பஸ் நிலையமே எரிந்துபோய்விட்டதாகத்தான் முதலில் செய்தி வந்தது. சித்தப்பா மகனுக்கு மாடி வீட்டுக்காரர் சொன்னாராம். அவருக்கு ஒரு கண்டக்டர் சொன்னாராம். "அக்காவோட சக்கர நாற்காலி பேட்டரி குண்டு மாதிரி வெடிச்சிடுச்சாம்ண்ணே. ஆனா நீங்க பதறாதீங்க."

கடல் கடந்து வந்து பதினொரு வருடமாகிறது. பதறாமல் இருக்கும் வித்தை மட்டும் இன்னும் கைவரவில்லை. உடனே அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே அக்கா எடுத்துவிட்டாள். நான் பயந்ததே அதனால்தான். வேலை நேரத்தில் அவள் போன் மேசை இழுப்பறைக்குள் கிடக்கும். தலைகீழாக நின்றாலும் எடுக்க மாட்டாள்.

"வெடிச்சிருந்தா இப்ப உன்கிட்ட பேசறது யாருடா, ஆவியா?"

"அப்போ ஏன் வீட்ல இருக்கே?"

"முதல்ல மூச்சு விடு. சொல்றேன்."

என் அக்கா பஸ் நிலையத்தின் குரல். எந்தப் பஸ் எந்தத் தடத்தில் நிற்கிறது என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பவள். ஊரே அவளை மைக்கக்கா என்கிறது. மூன்று வயதுக் காய்ச்சலில் கால்கள் போயின. அப்பாவின் சைக்கிள், பிறகு கையால் தள்ளும் வண்டி, ஐந்து வருடம் முன்பு மின்சார நாற்காலி. அது வந்த அன்று, "இனிமே யார் தோளும் எனக்காக வலிக்காது" என்றாள்.

அந்த நாற்காலியின் முதல் பேட்டரிகளைக் கொன்றவன் நான்தான். எங்கோ படித்ததை நம்பி, "முழுக்க இறங்கினப்புறம் சார்ஜ் போடு, அப்பதான் நீடிக்கும்" என்று இங்கிருந்து உபதேசம் செய்தேன். எட்டே மாதம். மேட்டுத் தெருவில் வண்டி நின்றுவிட, நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். வந்த மெக்கானிக், இரண்டில் ஒரு பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்றார். "ஒத்தைச் செருப்பு மட்டும் புதுசா வாங்குவீங்களா? செருப்பே தேயாத என்கிட்டயா இந்தக் கதை? ஜோடியா மாத்துங்க" என்றாள் அக்கா. பழையது புதியதை இழுத்துக் கெடுத்துவிடும் என்பதை அதற்குள் கையேட்டைப் படித்துத் தெரிந்துவைத்திருந்தாள். அந்த ஜோடி நாலு வருடம் தாண்டியும் உழைக்கிறது. சார்ஜ் காட்டும் முள் பாதிக்குக் கீழே போக விட மாட்டாள். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறொன்றைத் தொட மாட்டாள். சார்ஜ் ஏறும்போது துணி, காகிதம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்க வேண்டும். வாசலுக்குப் போகும் வழியில் வண்டி நிற்கக் கூடாது.

வீட்டிலிருந்து நிலையம் ஆறு கிலோமீட்டர், நடுவே அந்த மேடு. அதனால் வேலை நேரத்திலும் சார்ஜ் போட்டாக வேண்டும். மைக் அறைச் சுவரில் தன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பிளக் வேண்டுமென்று ஒன்றரை வருடம் மனு மேல் மனு எழுதி வாங்கினாள். மேலே ஒரு அட்டை: 'நாற்காலிக்கு மட்டும்.'

அன்று அவள் முதுகைத் திருப்பி மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது, டிக்கெட் கவுன்டர்காரர் அதே பிளக்கில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சொருகி, அவள் சார்ஜரோடு கெட்டிலையும் ஹீட்டரையும் மாட்டிவிட்டுப் போய்விட்டார். பெட்டி உருகிப் புகைந்தது. அக்கா சுவர் சுவிட்சை அணைத்தாள். சார்ஜர் ஒயரை நாற்காலியிலிருந்து பிடுங்கினாள். அது சொருகியிருக்கும்வரை வண்டி நகராது. வெளியேறும் முன் மைக்கில் நாலே வரி: "பயணிகள் கவனத்திற்கு. மைக் அறையில் புகை. மூன்றாம் தடத்தில் நிற்பவர்கள் வாசல் பக்கம் வரவும். ஓட வேண்டாம், உங்களை விட்டுவிட்டுப் பஸ் போகாது."

ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. ஆனாலும் நிலைய அதிகாரி அவளைக் கூப்பிட்டார். "இனிமே இங்க சார்ஜ் போடக் கூடாதும்மா. பதிவு பண்ணின குரலே போதும்னு மேல சொல்றாங்க."

சார்ஜ் இல்லையென்றால் மேடு ஏற முடியாது. மேடு ஏறாவிட்டால் வேலை இல்லை. அக்கா உருகிய பெட்டியையும் தன் சார்ஜரையும் மேசைமேல் வைத்தாள். "எது எரிஞ்சதுன்னு நீங்களே பாருங்க சார்."

கவுன்டர்காரர் வாசலில் தலை குனிந்து நின்றார். "பெட்டி என்னுது சார். அக்கா மேல தப்பில்ல."

தீயணைப்பு அதிகாரி வந்து பார்க்கும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். அந்த இடைவெளியில்தான் நான் அழைத்திருந்தேன்.

நேற்று தீயணைப்பு அதிகாரி வந்தார். பிளக், ஒயர், பேட்டரி மூடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்றாராம்.

"தம்பி பேச்சைக் கேட்டு ஒரு ஜோடி பேட்டரியைச் சாகடிச்சேன் சார். அந்தப் படிப்புதான்."

"எங்க ஆளுங்களுக்கும் ஒரு நாள் வந்து சொல்லுங்க" என்றாராம். இதை அக்கா என்னிடம் மூன்று தடவை சொன்னாள். நான் அலுவலகத்தில் ஏழு பேரிடம் சொன்னேன்.

முடிவு நிலைய அதிகாரியின் கையில். "காலைல எட்டு மணிக்கு வாங்க. அனுமதின்னா நேரா மைக்குக்குப் போங்க. இல்லன்னா வீட்டுக்கு" என்று சொல்லியிருந்தார்.

இப்போது அங்கே எட்டே முக்கால். இங்கே மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபடி வைத்துவிட்டு அழைக்கிறேன். முதல் மணி. இரண்டாவது மணி. போன் இழுப்பறைக்குள் இருக்க வேண்டும். மூன்றாவது.

ஆறு, ஏழு, எட்டு. எடுக்காதே அக்கா, எடுக்காதே என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறேன். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.