கெசியாவின் பூப்போட்ட நைட்டி

புட்டியின் ரப்பர்க் காம்பை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு இஸ்ரேல் வீறிட்டான். பால் கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது. காலேப் துண்டால் ஒற்றினான்.

"மறுபடியும் துப்பிட்டாம்மே."

"குடு இங்க." கெசியா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். மார்பில் வாய் பட்டதும் அழுகை நின்றது. அவள் குனிந்துகொண்டாள். தான் சிரிப்பது புருஷனுக்குத் தெரியக் கூடாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜவுளிக்கடையில் நிற்கிறாள். முருகன் கோயில் மலைக்குப் போகிறவர்களுக்கு மஞ்சள் துணி கிழித்துக் கொடுப்பது அவள்தான். ஆடிக் கிருத்திகை நெருங்குகிறது. இனியும் வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவதாக முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். காலேப் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். விடியலில் மலைக்குச் சவாரி அடித்துவிட்டு, கடை திறக்கும் நேரத்துக்கு வீடு திரும்பிவிடுவான். பகலில் பிள்ளை அவனிடம். அவள் பிழிந்து வைத்துவிட்டுப் போகும் பாலைப் பிள்ளை புட்டியில் குடித்தால்தான் அது நடக்கும்.

பிள்ளையைப் பார்க்க வந்த நர்ஸ் சுலோச்சனா திட்டினாள். "பாலாடைச் சங்குல குடுன்னா கேக்க மாட்டீங்க. சரி, நீ எதிர்ல நின்னுகினு இருந்தா அவன் ஏன் ரப்பரக் கடிக்கிறான்? வெளிய போயிடு. ரொம்பப் பசி எடுக்கறதுக்கு முன்னாடியே அவரு குடுக்கட்டும். உன் துணி எதுனா கிட்ட இருக்கட்டும், வாசனைக்கு."

சனிக்கிழமை கெசியா பக்கத்து வீட்டுச் சின்னம்மாளிடம் போய் உட்கார்ந்தாள். அழுகைக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. சின்னம்மாள் எழுந்து மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏ கெசியா, வந்து பாரு உன் வூட்டுக்காரர."

காலேப் அவளுடைய பூப்போட்ட நைட்டியை மாட்டிக்கொண்டு, தோளில் துண்டும் முகத்தில் மீசையுமாக வாசலில் உட்கார்ந்திருந்தான். இஸ்ரேல் புட்டியை இழுத்து இழுத்துக் குடித்தான். ஒரு கை நைட்டியின் பட்டனைத் திருகிக்கொண்டிருந்தது. அவளிடம் குடிக்கும்போது மட்டும் செய்வது அது.

"இன்னாபா காலேப்பு, கொண்டை ஒண்ணுதான் பாக்கி!"

"கத்தாதக்கா. குடிச்சுகினு இருக்கான்."

கெசியா வேகமாகத் தன் வாசலுக்கு வந்தாள்.

"நைட்டியக் கழட்டு பாவா. தையல் வுட்டுடும்."

"இருமே. ஏப்பம் வுடட்டும்."

பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டினான். அவள் கையை நீட்டினாள். இஸ்ரேல் அவளைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி நைட்டியிலேயே புதைத்துக்கொண்டான்.

"அது என் வாசன" என்றாள்.

"ஆங், உன்னுதுதான். யாரு இல்லன்னா?" காலேப் சிரித்தான். சவாரி நன்றாக ஓடிய நாட்களில் சிரிப்பது போல.

ஞாயிற்றுக்கிழமை அவனையும் பிள்ளையையும் சர்ச்சுக்கு அனுப்பிவிட்டு, தலைவலி என்று வீட்டில் இருந்துகொண்டாள். அவர்கள் திரும்பியபோது நைட்டி கொடியில் தொங்கியது. வீடெல்லாம் சோப்பு மணம்.

"இத ஏம்மே தொவச்ச? நாளைக்கு வேணுமில்ல?"

"பால் கொட்டி நாறுச்சி."

"வேற எதுனா குடேன்."

உடுத்திய சேலைகள், ஜாக்கெட்டுகள், துண்டு, தலையணை உறை, எல்லாமே அந்தக் கொடியில்தான் காய்ந்துகொண்டிருந்தன. காலேப் கொடியை ஒரு முறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

மறுநாள் காலை கெசியா பாலைப் பிழிந்து வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். காலேப் லுங்கியோடு, வெற்று மார்போடு பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றான். கடைக்குக் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு கூட்டம் வேனில் வந்து மஞ்சள் துணி வாங்கியது. பால் கசிந்து ஜாக்கெட் நனைந்ததால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு முன் போன் வந்தது. பிள்ளை குடித்துவிட்டான் என்றான் காலேப். முதலில் கொஞ்சம் அழுதான், அப்புறம் குடித்துவிட்டான். அவள் "ஆங்" என்றாள். கடையின் பின்கட்டுக்குப் போய்ப் பாலைப் பிழிந்து தொட்டியில் விட்டுத் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் வீடு திரும்பியபோது இஸ்ரேல் காலேப்பின் மார்பில் தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்பவில்லை. அரிசி களைந்து உலையில் போட்டாள்.