மோட்டார் ரூமில் விழித்த வேற்றுக்கிரகவாசி

அந்தப் படத்தில் நான் யாரையும் மிரட்டவில்லை. இதை இன்றைக்கும் எந்தச் சாமி முன்னால் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன்.

கோயம்புத்தூரிலிருந்து புனேக்கு வந்து, விஷ்ராந்த்வாடியில் நாங்கள் குடியேறிய புதிது. கேபிளில் வரும் ஆங்கில விண்வெளிப் படங்களே கதியென்று கிடந்த அண்ணனும் அவனுடைய காலனி நண்பர்களும், ஊரிலிருக்கும் சித்தப்பாவின் ஹேண்டிகேம் கேமராவை இரவல் வாங்கித் தாங்களே ஒன்றை எடுக்கக் கிளம்பினார்கள். பூமிக்கடியில் யுகயுகமாகத் தூங்கிய வேற்றுக்கிரகவாசி விழித்துக்கொண்டு உலகத்தை மிரட்டுவதுதான் கதை. நான் உலகத்தைக் காப்பாற்றும் கேப்டன் வேஷம் கேட்டேன். சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளை என்மேல் சுற்றி மோட்டார் ரூமில் படுக்கவைத்தார்கள். வசனம் எங்கே என்றதற்கு அண்ணன், "தமிழ்ல என்னமோ பேசு. இங்க யாருக்குப் புரியப் போகுது?" என்றான்.

திடீரென்று பேசச் சொன்னால் என்ன வரும்? அம்மா தினமும் அப்பாவிடம் சொல்வதுதான் வாயில் வந்தது. எழுந்து நின்று கையை விரித்தேன். "எனக்கு இந்த ஊரே வேண்டாமுங்க. பேச்சுத் தொணைக்குக்கூட ஒரு ஆளில்லீங்க. நம்மூருக்கே போயிரலாமுங்க."

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹாலில் படம் ஓடியது. அப்பா ஷிப்டுக்குப் போயிருந்தார். வந்திருந்த காலனிக்காரர்களுக்கு அம்மா சிரித்துக்கொண்டே டீ கொடுத்தாள். இந்தியும் மராத்தியும் வராதவளுக்கு எல்லாக் கேள்விக்கும் அந்தச் சிரிப்புதான் பதில். திரையில் நான் பேசி முடித்ததும், கேப்டனின் உதவியாளன் அதை இந்தியில் மொழிபெயர்த்தான். உலகத்தையே அழிக்கப் போகிறேனாம்! உடனே என்னைச் சுட்டுத் தள்ளினார்கள். ஹாலே கைதட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்களே! நான் அப்படிச் சொல்லவேயில்லை, வீட்டுக்குப் போகத்தான் கேட்டேன் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கத்தினேன். இன்னும் சிரித்தார்கள். அண்ணன் குனிந்து கேமராவை நோண்டிக்கொண்டிருந்தான். எனக்குச் சாட்சி சொல்ல அம்மாவைப் பார்த்தால், அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். எல்லோரும் போகும்வரை வெளியே வரவில்லை. அவள்மேல் எனக்கு அண்ணனைவிடக் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு அம்மா ஊருக்குப் போகலாம் என்று அப்பாவிடம் கேட்கவேயில்லை. ஒருவழியாக அவளுக்குப் புனே பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.