அம்பு ஒட்டியவர்கள் மட்டும்

சேவைச் சங்கத்தில் எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் ஆபீஸ் வேலை என்று சொல்வேன். ஆபீஸ் என்பது பல்லடம் ரோட்டில் நூல் கடைக்கு மேலே இருக்கும் ஒரு ஹால். சாவி என்னிடம் இருக்கும். கூட்டம் நடக்கும் நாளில் நாற்காலி போட்டு, மைக் கட்டி, பஜ்ஜி வாங்கி வைத்து, முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும். சங்கத்தின் மாதச் செய்தி மடலையும் நான்தான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதுவதை நாலு பக்கம் அச்சடித்து உறுப்பினர்களின் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். யாரும் படிப்பதில்லை. போட்டோவில் தங்கள் முகம் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள்.

இதற்கு முன்பு மும்பையில் இட்லிக் கடையில் மாவாட்டினேன். லாரியில் கிளீனராக ஆந்திரா, ஒரிசா எல்லாம் போனேன். பெல்லாரிப் பக்கம் கல் குவாரியில் இருந்தபோது ஒரு விரல் நசுங்கியது. திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் ஆறு வருடம் அயர்ன் மாஸ்டர். இடுப்பு போய்விட்டது. நிற்காமல் செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தபோது சங்கத்தில் ஆள் தேடினார்கள். இங்கேயும் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருக்கிறேன்.

சங்கத்தில் முப்பது பேர் இருந்தால் பதினெட்டுப் பேர் முன்னாள் தலைவர்கள். வரவேற்புரையில் ஒரு முன்னாள் தலைவரை விட்டுவிட்டால் அவர் அடுத்த மாதம் வரமாட்டார். அதனால் வரவேற்புரை அரை மணி நேரம் நடக்கும். ஆனால் செய்கிற வேலையைக் குறை சொல்ல முடியாது. தையல் மிஷின் கொடுக்கிறார்கள், ரத்த தானம் நடத்துகிறார்கள், மரம் நடுகிறார்கள். ஒரே குழியில் மூன்று தலைவர்கள் மூன்று வருடம் மரம் நட்டதை மூன்று செய்தியாக எழுதியிருக்கிறேன்.

போன வருடத் தலைவர் பனியன் கம்பெனி முதலாளி. அவர் காலத்தில்தான் தாராபுரம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில் கண் முகாம் வைத்தோம். கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். கண்ணில் புரை இருப்பவர்களை அன்றைக்கே பஸ்ஸில் கூட்டிப்போய், மறுநாள் ஆபரேஷன் செய்து, மூன்றாம் நாள் கொண்டுவந்து விடுவார்கள். சாப்பாடு, மருந்து எல்லாம் இலவசம்.

அந்த நோட்டீஸை முதலில் கொடுத்தது நான் குடியிருக்கும் லைன் வீட்டில். இரண்டு கதவு தள்ளி ஒரு அக்கா இருந்தார். தூத்துக்குடிப் பக்கம். புருசன் இல்லை. மகள் நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருடம் படித்தாள். அந்தப் படிப்பு முழுவதும் இந்த அக்காவின் சம்பளத்தில் நடந்தது. அக்காவுக்கு வேலை எங்கள் தலைவரின் கம்பெனியில், செக்கிங் டேபிளில். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து, சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை அந்த இடத்தில் ஒட்டி ஒதுக்கிப் போட வேண்டும்.

அக்காவுக்கு ஒரு வருடமாகவே கண் சரியாகத் தெரியவில்லை. கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. துணியை முஷ்டி மேல் இழுத்துப் பிடித்து, ஊசி ஓட்டையை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். எண்ணெய்க் கறையை விரலால் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பக்கத்தில் நிற்கும் இந்திக்காரப் பெண் மெதுவாக “தாக், தாக்” என்று சொல்லிக் கொடுக்கும். கறைக்கு அவர்கள் பாஷையில் அதுதான் வார்த்தை. அந்தப் பெண் லீவு போட்ட நாட்களில் அக்காவுக்கும் வயிற்றுவலி வந்துவிடும். கண் தெரியவில்லை என்று வெளியே வந்தால் டேபிளிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு நூல் பிசிர் வெட்டவும் கண் வேண்டும், மடிக்கவும் கண் வேண்டும்.

“மொதலாளி வைக்கிற முகாமுக்கு நானே போயி கண்ணு தெரியலன்னு நிக்கவா?” என்றார்.

“அவருக்கு உங்களத் தெரியாதுக்கா. பஞ்சிங் மிஷினுக்குத்தான் உங்களத் தெரியும்.”

யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகாமல் முகாமுக்கு வந்தார். திங்கள், செவ்வாய் லீவுக்குச் சாவு என்று சொல்லிவைத்திருந்தார்.

முகாம் காலை எட்டு மணிக்கு. பொங்கலூர், அவிநாசிபாளையம் பக்கமிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். ஆனால் பாதிக்கு மேல் பனியன் கம்பெனி ஆட்கள்தான். வரவேற்புரை முடியும்வரை டாக்டர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரி ஒருங்கிணைப்பாளர் பெண் என்னிடம் வந்து, ஆபரேஷனுக்குத் தேர்வானவர்கள் கழுத்தில் போடும் அட்டை எங்கே என்று கேட்டது. அட்டைப் பெட்டி பிரஸ்ஸிலேயே இருந்தது. பிரஸ்ஸுக்கு ஞாயிறு லீவு.

தலைவரிடம் போய்ச் சொன்னேன்.

“அதுக்கேனுங்க மூஞ்சியத் தொங்கப் போடறீங்க? நம்ம வண்டி டிக்கில ஸ்டிக்கர் ரோலு கெடக்குதுங்க. எடுத்தாந்து ஒட்டுங்க” என்றார்.

டிக்கியில் இருந்தது சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். ஒரு ரோலில் ஆயிரம் அம்பு. ஒருங்கிணைப்பாளர் பெண்ணுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷம். அது சென்னைப் பெண். “சூப்பர் சார். எந்தக் கண்ணுக்கு ஆபரேஷனோ அந்தக் கண்ணுக்கு மேல, நெத்தியில, கீழ பார்த்த மாதிரி ஒட்டிடுங்க. குழப்பமே வராது” என்றது.

நான் ஒட்டினேன். ஆறு வருடம் கம்பெனியில் இருந்தவன், அந்த அம்பு ஒட்டிய பனியனை ஆயிரக்கணக்கில் தனியாகத் தூக்கிப் போட்டவன், எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நேராக ஒட்டுகிறோமா என்பதில்தான் கவனம் இருந்தது.

அக்காவுக்கு வலது கண்ணுக்கு மேல் ஒட்டினேன். இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எதிரே நின்றது நான் என்றே அவருக்குத் தெரியவில்லை. நெற்றியை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். வரிசையிலிருந்து விலகிப் போய்விட்டார்.

அவருக்கு ஆறேழு பேர் தள்ளி ஒருவர் தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு வந்தார். துண்டை விலக்கினால், அதே கம்பெனியின் செக்கிங் இன்சார்ஜ். அக்கா எந்த மனிதருக்குப் பயந்து ஒரு வருடமாக விரலால் பனியன் பார்த்தாரோ அவர். சர்க்கரையால் இடது கண்ணில் புரை.

“ஏனுங்க, இத முடிக்குள்ள ஒட்டக் கூடாதுங்களா?” என்றார்.

“நெத்தியிலதான் ஒட்டச் சொன்னாங்க.”

“நான் வந்தது மொதலாளி காதுக்குப் போயிரக் கூடாதுங்க. கண்ணு தெரியாதவனுக்கு எதுக்குச் சம்பளம்னு கேட்டுப் போடுவாரு.”

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லி ஒட்டினேன்.

பன்னிரண்டு மணிக்கு உப்புமா. ஒரு மணிக்கு பஸ். தலைவர் பச்சைக் கொடியை எடுத்து வாசலில் நின்றார். போட்டோகிராபர் தயார். பஸ் நிரம்பியிருந்தது. ஒருங்கிணைப்பாளர் பெண் பட்டியலோடு உள்ளே ஏறியது, கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தது.

“சார், பஸ்ல ஒருத்தர் நெத்தியிலயும் ஸ்டிக்கர் இல்ல.”

ஏறிப் பார்த்தேன். உண்மைதான். துணிப்பை, சொம்பு, மாற்று வேட்டியோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு பெரியவரிடம், உங்களுக்குக் கண்ணில் என்ன என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்லீங்க. நல்லாருக்குதுன்னு டாக்டரம்மா சொல்லீட்டாங்க. அம்பு ஒட்டலீங்க. பாஸ்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அம்பு ஒட்டினால் ரிஜெக்ட், ஒட்டாதது பாஸ். பாஸ் ஆனது பெட்டிக்குள் போய் வண்டி ஏறும். ரிஜெக்ட் கம்பெனியிலேயே கிடக்கும். இந்த ஊரில் அதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல கண்ணெல்லாம் பஸ்ஸில் இருந்தது. புரை விழுந்த கண்கள் உப்புமா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தன. போகிற வழியில் நெற்றி ஸ்டிக்கரைப் பிய்த்துத் தண்ணீர் டிரம்மில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். டிரம் முழுக்க அம்பு.

தலைவரிடம் சொன்னபோது அவர் கொடியைக் கீழே வைக்கவில்லை. “அட, கரெக்டாத்தானுங்க நெனச்சிருக்காங்க. நானா இருந்தாலும் எந்திருச்சுப் போயிருப்பேன்” என்றார். மைக்கைப் பிடித்து அவரே அறிவித்தார். “அம்பு ஒட்டுனவங்க எல்லாம் பாஸுங்க. ஒட்டாதவங்க ரிஜெக்ட்டுங்க. பாஸ் ஆனவங்க தயவு செஞ்சு எறங்கிக்கங்க. இல்லீங்க, ரிஜெக்ட் ஆனவங்க எறங்கிக்கங்க.” பஸ்ஸில் இருந்தவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஜன்னலோரப் பெரியவர், டாக்டர் ஒன்று சொல்கிறார் முதலாளி ஒன்று சொல்கிறார் என்று கடைசிவரை இறங்கவில்லை. இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினோம்.

பஸ் மூன்று மணி வரைக்கும்தான் நிற்கும் என்றார்கள். மண்டபத்தைச் சுற்றி மைக் எட்டிய தூரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். மைக் எட்டாத தூரத்துக்கு நான் மொபெட்டில் போனேன். அடுத்த முகாம் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அக்காவின் விரல் தாங்காது என்பது எனக்குத் தெரியும்.

அக்கா குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். சொட்டு மருந்து போட்ட கண்ணில் வெயில் கூச, முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டிருந்தார்.

“அக்கா, பஸ் கிளம்பப் போவுது. வாங்க.”

“நான் எதுக்கு? என்னத்தான் ஒதுக்கிட்டாங்கல்லா.”

“ஒதுக்கல. அம்பு ஒட்டுனவங்களுக்குத்தான் ஆபரேஷன்.”

“சும்மா சமாதானம் சொல்லாதிய தம்பி. நான் பதினாறு வருசமா அந்த அம்பு ஒட்டுதேன். ஒட்டுன பீஸு வண்டியேறி நான் பாத்ததில்ல.”

“இது மாத்தி ஒட்டினது அக்கா.”

“மாத்தி ஒட்டுன கூறுகெட்டவன் யாரு?”

“நான்தான்.”

கையிலிருந்த துணியைப் பிழிந்து வாளியில் போட்டார். “நீங்க எத்தன வருசம் கம்பெனியில இருந்திய?”

“ஆறு.”

“அயர்ன்லயா?”

“அயர்ன்ல.”

“அதான். செக்கிங்ல இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருக்க மாட்டிய.” அடுத்த துணியை எடுத்தார். “சரி, ஒரு வேள ரிப்பேருக்குன்னு வச்சாலும் எங்க கம்பெனியில ஆல்டருக்கு மஞ்ச ஸ்டிக்கரு. செவப்புன்னா அவ்வளவுதான். நெத்தியில செவப்ப ஒட்டிக்கிட்டு மொதலாளி முன்னால நிக்கேன். எனக்கு எப்படி இருக்கும்?”

“அவரு பாக்கவே இல்லக்கா. கொடியப் பிடிச்சிக்கிட்டு நிக்காரு.”

“இன்சார்ஜ் அங்க எங்கயும் இல்லல்லா?”

அவர் வந்ததை யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அந்த மனிதரிடம் சொல்லியிருந்தேன். இந்த அக்காவிடம் பொய் சொல்லிக் கூட்டிப்போனால் பஸ்ஸில் ஏறியதும் தெரிந்துவிடும்.

“இருந்தாலும் உங்களப் பாக்க மாட்டாரு” என்றேன். அது பொய்யில்லை.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வாளியைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, பையை எடுத்து வந்தார். பை ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

நாங்கள் போனபோது பஸ்ஸில் ஒரே ஒரு இடம்தான் இருந்தது. டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட். அதன் ஜன்னலோரத்தில் தலையில் துண்டைப் போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். எதிர் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் மைக் கேட்டுத் திரும்பி வந்திருக்கிறார். யார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவை எங்கே உட்கார வைப்பது என்று பார்த்தேன். வேறு இடம் இல்லை. உட்கார வைத்தேன். புது அம்பு ஒன்று ஒட்டவேண்டியிருந்தது. ஒட்டினேன்.

இரண்டு பேரும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் கொடி அசைக்கும்வரை பஸ் எடுக்கக் கூடாது. போட்டோகிராபர் வெளிச்சம் சரியில்லை என்று அவரை இடம் மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் துண்டுக்காரர்தான் பேச்சுக் கொடுத்தார்.

“தங்கறதுக்குப் போர்வ அவங்களே குடுப்பாங்களாமுங்க?”

அக்காவுக்குக் குரல் தெரிந்துவிட்டது. பையை மடியில் இறுக்கிப் பிடித்தார். இறங்கிவிடுவார் என்று படிக்கட்டில் நின்ற எனக்குத் தோன்றியது. இறங்கவில்லை.

“சார்” என்றார்.

துண்டு விலகியது. இன்சார்ஜ் அவர் முகத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்தார். நெற்றியிலிருந்த அம்பைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

“நீங்க சாவுக்கல்ல லீவு கேட்டீங்க?”

“ஆமா சார். சின்ன மாமனாரு.”

இன்சார்ஜ் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். “எனக்கும் சாவுதாங்க. பெரியப்பா” என்றார்.

“எப்ப எடுக்காங்க?”

“நாளைக்குக் காத்தால, ஆறு மணிக்கு. வெறும் வயித்துல வரச் சொல்லியிருக்காங்க.”

அக்கா தலையாட்டினார். பஸ் கிளம்பியது.

இருவரும் லீவை நீட்டி, பத்துப் பன்னிரண்டு நாளில் கறுப்புக் கண்ணாடியோடு டேபிளுக்குத் திரும்பினார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து நடந்த சங்கக் கூட்டத்தில் தலைவர் பஜ்ஜி சாப்பிட்டபடி பக்கத்தில் இருந்த முன்னாள் தலைவரிடம் வருத்தப்பட்டார்.

“இப்பெல்லாம் செக்கிங்ல ஒண்ணும் தாண்ட மாட்டேங்குதுங்க. எண்ணெக் கறைங்கறாங்க, ஊசி ஓட்டைங்கறாங்க. முன்னயெல்லாம் போயிட்டுத்தானுங்களே இருந்துது.”

எனக்குக் காரணம் தெரியும். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்த திட்டம் பற்றிப் பேச்சு வந்தது. கண் முகாமையே வருடாவருடம் வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். தலைவர் இன்னொரு பஜ்ஜியை எடுத்தார்.

“கண்ணு பாத்தாச்சுங்க. அடுத்து பல்லு வெச்சுக்கலாம்.”

பல் முகாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். நான் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அக்காவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு இடது கண்ணிலும் புரை தொடங்கியிருந்தது. வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் அதைச் சோற்றில் கடித்துத்தான் பொறுக்குவார்.

“பல்லுக்கு என்ன, நல்லாத்தான இருக்கு” என்றார். உள்ளே போய் ஆஸ்பத்திரி அட்டையை எடுத்துவந்து, இன்னொரு கண்ணுக்கு எழுதியிருந்த தேதியைக் காட்டி, என்ன கிழமை வருகிறது என்று கேட்டார். செல்போனில் பார்த்து வியாழக்கிழமை என்றேன்.

“வியாழன், வெள்ளி, சனி. ஆஸ்பத்திரிக்கே மூணு நாளு” என்று விரல் விட்டார். “இந்தத் தடவ ஆரும் சாவ வேண்டாம். இன்சார்ஜ்கிட்ட கண்ணு ஆபரேஷன்னே சொல்லிக்கிடலாம்.”