தங்கக் கம்பி அறுக்கிறவள்

பெண் பார்க்கச் சேலத்திலிருந்து வந்தார்கள். மஞ்சக்குட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, எஸ்டேட் வழியாக நடந்தே வந்தார்கள். நான் காப்பிப் பழம் பறிப்பவள். ஐந்தாவதோடு சரி. மகள் மெட்ராஸில் பிஎச்.டி. படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு படிக்கற?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டார்.

மகள் ஒளிக்காமல் சொன்னாள். முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி. அதை இழுத்து அறுப்பாள். அறுந்த இடைவெளியில் ஒரே ஒரு மூலக்கூறு வந்து ஒட்டும். அதன் வழியாகக் கரண்ட் எவ்வளவு போகிறது என்று பார்ப்பாள். மறுபடி சேர்ப்பாள். மறுபடி அறுப்பாள்.

அத்தைக்கு அறுப்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

"பொன்னுருக்கித் தாலி செய்யற நேரத்துல, பொண்ணு பொன்னை அத்துக்கிட்டு இருக்கறதா? நொம்ப அபசகுனமுங்க. படிப்பை நிறுத்திப்போடுங்க. நாள் குறிச்சரலாம்."

நல்ல இடம். பையனும் நல்லவன்தான்.

"சரின்னு சொல்லுக்கா" என்றான் என் தம்பி.

என் வீட்டுக்காரர் மிளகு பறிக்க மரமேறி விழுந்து இறந்துபோனவர்.

"ஏனுங்க, என் தாலியை எடுத்தப்ப இவ பள்ளிக்கூடத்துல இருந்தா. எந்தக் கம்பியை அத்தா?" என்றேன்.

பிறகு அத்தை, "அத்து அத்து என்னத்தக் கண்டா?" என்றார்.

"அந்த மூலக்கூறு வளையம் மாதிரி இருக்குதுங்க" என்றேன், மகள் எனக்குச் சொல்லித் தந்தபடி. " எலக்ட்ரான் ரெண்டு பக்கமும் ஒரே சமயத்துல போவுது. கம்பி எதுரெதுர ஒட்டுனா நல்லாப் போவும். எடம் மாறி ஒட்டுனா ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும். வழி தொறந்துதான் கெடக்குது. கரண்டு போவாது."

தம்பி சிரித்தான். "மலைக்கு ரெண்டாவது ரோடு போட்டாங்களே. வண்டி கொறஞ்சா போச்சு?"

"நானும் அதேதான் கேட்டேன். துணி தொவைக்கற தொட்டியில ரெண்டு விரலால தட்டிக் காட்டுனா. ரெண்டு அலையும் வருது. ஆனாச் சில எடத்துல தண்ணி அசையறதே இல்ல. வேணும்னா போயிப் பாரு. தொட்டி வெளியதான் இருக்குது."

அவன் எழவில்லை.

"இதனால யாருக்குங்க லாபம்?" என்றார் அத்தை.

"தெரியாதுங்க. அவ இன்னும் முடிக்கல. முடிக்கட்டும்."

"அப்ப இது ஆவாதுங்க."

"ஆவாட்டிப் போவுது."

காப்பியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள். நான் பறித்த கொட்டை. என் டம்ளரை நான் குடித்து முடித்தேன். தம்பி பொங்கல் வரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் மகளை பஸ் ஏற்றப் போனேன். படியில் நின்று, "என்னால சம்பந்தம் போயிருச்சேம்மா" என்றாள்.

"வண்டி கெளம்புது, உள்ள ஏறு சாமி" என்றேன். "போயி உன்ற கம்பியை அறு."