டின் பாலை நம்பாத ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்று வாட்சாப்பில் செய்தி வந்தபோது, மலேசியாவின் காஹாங் செம்பனைத் தோட்டத்துக் கிளினிக்கில் நான் ஒருவருக்குக் காயம் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த பிறகுதான் வெளியே போய் அழுதேன். வேலையைப் பாதியில் விட்டிருந்தால் அக்காவே எழுந்து வந்து ஏசியிருப்பார்.

எங்கள் தலைமைத் தாதி அவர். அவருக்கு ஆகாத ஒரே பொருள் டின் பால் என்பது உடன் வேலை செய்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் எடுக்கும் செம்பனையின் ஓலையைத் தின்னும் புழுவுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு வருகிறவர்கள், ஒரு கிளாஸ் பால் குடித்தால் விஷம் முறிந்துவிடும் என்று நம்புவார்கள். "பால் வயித்துக்குப் போவுது. மருந்து தோல் வழியா ஏறுது. ரெண்டும் எங்க சந்திக்கும்? சட்டையக் கழட்டி சோப்பு போட்டுக் குளிங்க லா. அந்தச் சட்டைய பிள்ளைங்க துணியோட ஊற வைக்காதீங்க," என்பார்.

ஒருநாள் மருந்தடிக்கும் புஷ்பாவைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வேர்வை, வாயில் எச்சில், மூச்சு இழுத்தது. வெயில் மயக்கம் என்று நினைத்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று பால் கொடுத்திருந்தார்கள். அக்கா புஷ்பாவின் இமையை விலக்கிப் பார்த்தார். கண்மணி புள்ளியாகச் சுருங்கியிருந்தது. கையுறை போட்டு நனைந்த சட்டையைக் கழற்றினார், உடம்பைக் கழுவினார், உடனே குளுவாங் மருத்துவமனைக்கு அனுப்பினார். "நரம்பு போடுற கட்டளைய நிறுத்த உடம்புல ஒரு என்ஸைம் இருக்கு. மருந்து அதக் கட்டிப் போட்டுருச்சு. அதான் எல்லாம் நிக்காம ஊத்துது," என்று எங்களுக்கு விளக்கினார்.

தேறி வந்த புஷ்பா மறுபடி மருந்தடிக்கப் போகிறேன் என்றார். "நல்லாத்தானே இருக்கேன்!" ஆனால் ரத்தப் பரிசோதனையில் அந்த என்ஸைம் இன்னும் பழைய அளவுக்கு ஏறவில்லை. அக்கா சம்மதிக்கவில்லை. தோழிகளைப் பிரிந்து தனியாக, மரத்தடியில் உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கப் போக வேண்டியிருந்த புஷ்பா, கிளினிக் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அக்காவோ சிரித்தார்.

"ஏசட்டும், விடு. மூச்சு இழுக்காம எவ்ளோ நேரம் ஏசுறா பாரு."

அடக்கத்தன்று பெட்டியைப் பிடித்துக்கொண்டு புஷ்பா கதறினார். அழுதுகொண்டே நான் உற்றுக் கேட்டேன். மூச்சு எங்கும் இழுக்கவில்லை. இப்படிக் கேட்கும் காதைத்தான் அக்கா எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.