மூன்றாவது சூடு

கம்யூட்டேட்டர் தொழிலில் நல்ல பேர் வாங்கினவன் என்று ஒருத்தனும் கிடையாது. மோட்டார் ஓடினால் மோட்டார் செய்த கம்பெனிக்குப் பேர், நின்றால் நமக்கு ஏச்சு. மிக்ஸியோ, மீன்பிடிப் படகு இன்ஜினோ, எதையாவது ரிப்பேர் பார்த்துக் கொடுத்து ஏச்சு வாங்கின அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். அதனால் உங்களிடம் சொல்லுகிறேன். கிளமெண்ட் என்று எனக்கு ஒரு கூட்டாளி. அவன் கண்ணும், நல்ல வேலைக்காரன் என்று அவன் எடுத்திருந்த பேரும் என் பட்டறையால் போனது. அந்தக் கதையைத் துண்டு துண்டாகத்தான் என்னால் சொல்ல முடியும்.

என்ன செய்யுதிய?

ஏரலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பக்கத்து இலைக்காரர், "அண்ணாச்சி என்ன செய்யுதிய?" என்று கேட்டார். தூத்துக்குடியில் கம்யூட்டேட்டர் பட்டறை என்றேன். கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு, மகனுக்கு ஒரு வேலை கேட்டார். விடுவேனா, விளக்கினேன்.

பெரிய டிசி மோட்டாரில் ஒரு பக்கத்துக் கடைசியில் செம்பு உருளை ஒன்று சுற்றும். அது ஒரே செம்பு இல்லை. நூறு, நூற்றைம்பது செம்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்தி, ரெண்டு பட்டைக்கு நடுவில் ஒரு மைக்காத் தகடு சொருகி, இரும்பு வளையம் போட்டு நட்டால் இறுக்கியது. அதன் மேல் ஸ்பிரிங் அழுத்துகிற கார்பன் கட்டை உரசிக்கொண்டே இருக்கும். கரண்ட் உள்ளே போகிற வாசல் அதுதான். ஒரு பட்டை முடி கனத்துக்குத் தூக்கினாலும் கார்பன் துள்ளும், பொறி பறக்கும். பாயசம் வருகிற வரைக்கும் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து சொன்னார்: "அப்போ மோட்டார் ரிப்பேர்னு சுருக்கமா சொல்லிட்டுப் போங்களேன், எதுக்கு என் இலச் சோத்த ஆற விட்டிய?"

மினுமினுப்பு

ஓடி ஓடிப் பழகின கம்யூட்டேட்டர் மேல் சாக்லேட் நிறத்தில் ஒரு பூச்சு படியும். அதுதான் அதற்கு உயிர். அழுக்கு இல்லை. இதை எத்தனை மில்லில் போய் எத்தனை தடவை கத்தியிருப்பேன்! ஒரு நூல் மில்லுக்குப் புதுசாக வந்த சூப்பர்வைசர், பெரிய ஆபீசர் வருகிறார் என்று எமரி என்கிற உப்புத்தாள் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்து, அதைப் புதுக் குத்துவிளக்கு ஆக்கி வைத்துவிட்டார். எமரித் தூள் கரண்டைக் கடத்தும். பட்டைக்குப் பட்டை நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆபீசர் வந்து சுவிட்சைப் போட்டதும் சரவெடிதான்.

பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினார்கள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த மனுசன் முகம் வாடிப்போய் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "தங்கம் மாதிரி மின்னுச்சே அண்ணாச்சி, சுத்தமா வச்சதுக்கா இந்த ஏச்சு?"

கிளமெண்டின் கண்

கிளமெண்ட் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு தனியார் கம்பெனியில் எலக்ட்ரீசியன். அவர்கள் கிரேனில் பழைய டிசி மோட்டார்கள் உண்டு. எது வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவான். என் வயசுக்காரன். வந்ததும் டீ கேட்பான், டீ வருவதற்குள் ரெண்டு குறை சொல்லிவிடுவான்.

அவன் கண் இருக்கிறதே, அது கண்ணா என்ன! நான் மேடுபள்ளம் அளக்கிற டயல் கேஜ் வைத்து, முள் ஆடுகிறதா என்று மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவன் வாசலில் நின்றபடியே, "அந்த ஏழாவது பட்டைய பாரு, மேல நிக்கு" என்பான். கேஜை வைத்தால் சொன்னது சொன்னபடி நிற்கும். எங்கள் லேத்காரர் சுடலைக்கு இதில் தாங்க முடியாத எரிச்சல். ஒரு நாள் என்னிடம் முறையிட்டார்: "இவன் கண்ணு இருக்கும்போது ஆயிரக்கணக்குல கொட்டி கேஜ் எதுக்கு அண்ணாச்சி வாங்குனிய?"

கொடைக்குப் போன கதை

புதுசாகக் கட்டின கம்யூட்டேட்டருக்கு மூணு சூடு கொடுக்கணும். அடுப்பில் வைத்துச் சூடேற்றினால் மைக்காவில் இருக்கிற பசை இளகும், உள்ளே எல்லாம் கொஞ்சம் அமுங்கும். சூடாக இருக்கும்போதே நட்டை இறுக்கணும். ஆற விட்டு மறுபடி சூடு, மறுபடி இறுக்கு. நட்டு இனி நகரவே நகராது என்று ஆனால்தான் வேலை முடிந்தது. ஒரு சூட்டுக்கு ஒரு முழு நாள் போய்விடும். பட்டறை ஆரம்பித்த நாளிலிருந்து இதில் நான் ஒருத்தனுக்கும் விட்டுக்கொடுத்தது கிடையாது.

கிரேனில் பெரிய மோட்டார் ஒன்றின் கம்யூட்டேட்டரைப் புதுசாகக் கட்டச் சொல்லி கிளமெண்ட் கொண்டுவந்தான். கப்பல் வந்து நிற்கிறது, சீக்கிரம் வேண்டும் என்றான். ஆனால் சூட்டைக் குறை என்று அவன் சொல்லவில்லை. அந்தப் பழி அவனுக்கு வேண்டாம். எனக்கு மறுநாள் உடன்குடிப் பக்கம் எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா. வீட்டில் எல்லாரும் போயாயிற்று, நான் மட்டும் பட்டறையில் கிடந்தேன். ரெண்டாவது சூடு முடிந்தது. வேலை அட்டையில் 'மூன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கிளமெண்ட் கேட்டபோதும் "மூணும் ஆச்சுல" என்று சொல்லிவிட்டேன். கூசாமல் சொன்னேன். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு சுடலை மட்டும் மெல்ல இழுத்தார்: "அண்ணாச்சி, நட்டு இன்னும் கால் சுத்து வாங்கும் போல இருக்கே."

நாலாவது தூக்கு

கொடையில் நான் வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அதே மத்தியானம் கிரேனில் மோட்டாரை மாட்டியிருக்கிறார்கள். கார்பனுக்கு ஸ்பிரிங் அழுத்தம் பார்த்து வைத்தது கிளமெண்ட். சுமையோடு ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்து மூடியைத் திறந்து வைத்துப் பொறி வருகிறதா என்று பார்ப்பது அவன் வழக்கம். எல்லா எலக்ட்ரீசியனும் செய்வதுதான், செய்யக்கூடாததுதான். மூணு தூக்கு நல்லபடியாகப் போயிற்று. நாலாவதில் மோட்டார் நன்றாகச் சூடேறி, இறுகாத பட்டை ஒன்று மேலே தூக்கிவிட்டது. கார்பன் துள்ளி, நெருப்பு உருளையைச் சுற்றி ஒரே ஓட்டம். உருகின செம்பு அவன் முகத்தில் அடித்தது.

எனக்கு ஃபோன் வந்தபோது கையில் கொடைச் சோறு. கூட நின்ற கிரேன் ஓட்டுநர்தான் பேசினார். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் சொன்னது: "கீழ விழுந்தும் ஒரே கேள்விதான் கேட்டாரு அண்ணாச்சி, 'சுமைய இறக்கிட்டியளா, அடியில ஆளு நிக்கு'ன்னு."

தண்ணிக்குப் பயந்தவன்

வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் முகத்துக்கு நேரே விரலை நீட்டினால் எத்தனை என்று சொல்லுவான், அவ்வளவுதான். டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அண்ணன் சேவியரோடு உட்கார்ந்திருந்தேன். சேவியர் இன்றைக்கும் சங்கு குளிக்கக் கடலுக்குப் போகிறவர். தண்ணீருக்குள் மூச்சடைத்து ரெண்டு தடவை தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அவர் அழவில்லை. உப்பில் ஊறின அந்தப் பெரிய கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், ஏதோ கணக்கு தப்பிப் போனதைக் கேட்கிற மாதிரி கேட்டார்: "இவன் தண்ணிக்குப் பயந்தவம்னுதான கரண்டு வேலைக்கு அனுப்புனோம். கடலுக்குள்ள போற எனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு, பாத்துக்கோ."

லெட்டர்ஹெட்

ஒரு வாரத்தில் அந்த மோட்டார் என் பட்டறைக்கே வந்தது. வேறு யாரிடம் போகும்? சுடலையும் நானும் திறந்தோம். தூக்கி நின்ற பட்டை கண்ணுக்கு நேரே தெரிந்தது. நட்டில் ஸ்பானரைப் போட்டேன். கால் சுற்றுக்கு மேலேயே வாங்கியது. சுடலை என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

என்ன காரணம் என்று எழுதிக் கொடுக்கும்படி கம்பெனி இன்ஜினியர் வந்து உட்கார்ந்தார். பட்டறை, அதில் வேலை பார்க்கிற ஆறு குடும்பம், இத்தனை வருஷப் பேர் எல்லாம் ஒரேயடியாகக் கண் முன்னால் வந்தது. லெட்டர்ஹெட்டை எடுத்து, 'மாட்டும் இடத்தில் கார்பன் ஸ்பிரிங் அழுத்தம் சரியாக வைக்கப்படவில்லை' என்று எழுதினேன். எழுதினது நான்தான், மக்களே. இந்தக் கைதான். இன்ஜினியர் அதை ரெண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நிம்மதியாகச் சொன்னார்: "நல்லதாப் போச்சு அண்ணாச்சி, மூடியத் தொறந்ததும் அவருதான், ஸ்பிரிங் வச்சதும் அவருதான், எல்லாம் ஒரே ஆளோட முடிஞ்சிருச்சு."

ஞாயிற்றுக்கிழமைகள்

ஸ்பிரிங்கைச் சரியாக வைக்காதது தன் தவறு என்று எழுதி வாங்கிக்கொண்டு கிளமெண்டை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிகிற நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போவேன். மக்ரூன் பலகாரம் வாங்கிப் போவேன், கோழி வாங்கிப் போவேன். அவன் மனைவி பிலோமினா நாற்காலியைத் துடைத்துப் போடுவாள். உண்மையைச் சொல்லிவிடத்தான் போவேன், வாங்கிப் போனதைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு தடவை வாசல் வரை வந்து அவள் சொன்னது, செருப்பால் அடித்திருந்தால்கூட இந்த அளவு வலித்திருக்காது: "கூட வேல பாத்தவங்க ஒருத்தரும் இந்தத் தெருப் பக்கம் வாரதில்ல, நீங்க ஒரு ஆளாச்சும் இருக்கியளே அண்ணே."

வேண்டாம் என்றவன்

ஒன்பது மாசம் போயிற்று. கிளமெண்ட் அண்ணன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, வருகிற சங்கைத் தடவிப் பார்த்துச் சிறிசு பெரிசு என்று பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். நடுநடுவே அவன் விரல் வெறும் காற்றில் எதையோ இழுத்து விடும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. அது கார்பன் ஸ்பிரிங்கை இழுத்துப் பார்க்கிற விரல்.

பட்டறைக்கு வந்துவிடு, மைக்காத் தகடு கனம் பார்க்கிற வேலைக்குக் கண் வேண்டாம், விரல் போதும் என்றேன். அப்படியாவது என் பாவம் கொஞ்சம் குறையாதா என்ற நினைப்பு. அவன் சங்கைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "என் கைய நம்பி இனி ஒரு வேலையும் கொடுக்காதல, எனக்கே அது மேல நம்பிக்க இல்ல."

மூடின ஃபைல்

மறுநாள் காலையில் இன்னொரு லெட்டர்ஹெட் எடுத்தேன். ரெண்டு சூடுதான் கொடுத்தேன், மூன்று என்று பொய் எழுதினேன், பட்டை தூக்கியதற்குக் காரணம் என் பட்டறை, ஸ்பிரிங்கில் ஒரு பிழையும் இல்லை என்று எழுதி, அடியில் பேரை முழுசாகப் போட்டேன். சுடலை தானும் சாட்சி என்று பக்கத்தில் கையெழுத்து வைத்தார். இன்ஜினியர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் ரெண்டு தடவை வாசித்தார். பிறகு என் பக்கமாகவே நகர்த்திவிட்டு, ரொம்ப அன்பாகச் சொன்னார்: "ஃபைல் எப்பவோ குளோஸ் ஆயிட்டு அண்ணாச்சி, உங்க வேல நல்ல வேலன்னு அடுத்த ஆர்டர் வேற ரெடியா இருக்கு, இப்பப் போயி எதுக்கு இதெல்லாம்?"

முற்றத்தில்

தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, நேரே சேவியர் வீட்டு முற்றத்துக்குப் போனேன். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே கிளமெண்டிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கொடைக்குப் போனது, அட்டையில் பொய் எழுதினது, நட்டு கால் சுற்று வாங்கினது, கடைசியில் அந்த முதல் கடிதம். அடிப்பான், காறித் துப்புவான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அதற்காகத்தான் போனேன்.

அவன், "அப்போ ஸ்பிரிங் சரியாத்தான் இருந்திச்சா?" என்று கேட்டான். சரியாகத்தான் இருந்தது என்றேன். "சத்தியமா?" என்றான். சத்தியம் என்றேன். ரெண்டு கையையும் தூக்கி, மிச்சம் இருக்கிற அந்த இடது கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அந்த ஒன்பது மாசத்தில் பார்த்ததில்லை. நான் ஒருத்தன் அங்கே நிற்கிறேன் என்பதையே மறந்து, உள்ளே பார்த்துக் கத்தினான்: "ஏளா பிலோமி, இங்கன ஓடியா, என் கை தப்பு பண்ணலியாம்ளா!"

எங்கள் தொழிலில் எதற்கும் ஒரு வருஷம்தான் உத்தரவாதம், அதுவும் செம்புக்கு மட்டும்.