முஹ்ஸினாவின் இரண்டு லென்ஸ்கள்

முஹ்ஸினா அச்சன்புதூர்க்காரி. கணவர் நாசருக்குத் தம்மாமில் வேலை. அங்கிருந்து அவர் கொண்டுவந்த கேமராவை யூடியூப் பார்த்தே பழகிக்கொண்டு, தென்காசி வட்டாரத்து முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பகுதியைப் படம் எடுக்கிறாள். ஆண்கள் கேமராவோடு உள்ளே வரமுடியாத இடம் என்பதால் அவளுக்கு ஓய்வே கிடையாது. வேலை முடிந்ததும் மெமரி கார்டைக் கழற்றி மணப்பெண் கையில் கொடுத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவாள். தன்னிடம் ஒரு படமும் வைத்துக்கொள்ள மாட்டாள். அவள் முன்னால் முக்காடு நழுவினாலும் யாரும் பதறாமல் இருப்பது அதனால்தான்.

அவளிடம் இரண்டு லென்ஸ் உண்டு. ஜூம், நின்ற இடத்திலிருந்தே தூரத்து முகத்தைப் பக்கத்தில் இழுத்துவிடும். பிரைம் இழுக்காது, நாம்தான் எழுந்து ஆளிடம் போகவேண்டும். ஆனால் வெளிச்சம் குறைந்த அறையிலும் முகம் தெளிவாக விழும்.

ஹாஜரா பீவிக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸாக நான் அந்த வீட்டில் இருந்தேன். மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் வரை அவரால் போகமுடியாது. கேமரா பக்கம் முகத்தைத் திருப்பவும் மாட்டார். மகளுக்கோ, புறப்படும் முன் உம்மாவோடு ஒரு படமாவது வேண்டும்.

"உம்மாக்குத் தெரியாம தூரத்துல நின்னு ஒண்ணு எடுத்துருங்க லாத்தா" என்று முஹ்ஸினாவிடம் சொல்லிவைத்திருந்தாள். ஜூம் இருக்கும் தைரியத்தில் முஹ்ஸினாவும் தலையாட்டியிருந்தாள்.

கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணின் மதினிமார் கூட்டம் குற்றாலம் ஐந்தருவியில் படம் வேண்டுமென்று முஹ்ஸினாவை இழுத்துக்கொண்டு போயிற்று. அங்கே சாரல். எங்கள் பக்கத்தில் சாரலுக்கு யாரும் குடை விரிப்பதில்லை. அதை மழையில் சேர்ப்பதே இல்லை. அவளும் சேர்க்கவில்லை. நின்றபடியே லென்ஸை மாற்றியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஜூமுக்குள் ஆவி படிந்து எல்லாம் புகையாகத் தெரிந்தது.

"கேமரா புடிக்கிறவ பண்ணுத காரியமா இது?" என்றேன்.

"சாரல்தான சிஸ்டர், மழையா பெஞ்சுது?" என்றாள்.

ஜூமை மின்விசிறிக்கு அடியில் வைத்தாள். மணப்பெண்ணுக்குச் சேலை கட்டி முடிப்பதற்குள் ஆவி போய்விட்டது. மண்டபத்துக்குப் போகும் வேன் வாசலில் நின்றது. ஜூமைக் கையில் எடுத்தவள், கட்டிலில் சாய்ந்திருந்த ஹாஜரா பீவியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதைப் பைக்குள் போட்டுவிட்டு, பிரைமை மாட்டிக்கொண்டு அவர் காலடியில் தரையில் போய் உட்கார்ந்தாள்.

"மாமி, ஒங்கள ஒளிஞ்சு நின்னு எடுக்கச் சொன்னா ஒங்க மவ. எனக்கு மனசு வரல."

"லாத்தா! இப்படியா போட்டுக் குடுப்பிய?" என்று கத்தினாள் மகள்.

ஹாஜரா பீவி மெதுவாகத்தான் பேசுவார். "வாய் கோணிக் கெடக்கு. வெளிநாட்டுல உள்ளவளுவ போன்ல பாத்து உச்சுக் கொட்டுவாளுவ. வேண்டாம்."

"எடுக்க எடுக்கக் காட்டுதேன். புடிக்கலன்னா நீங்களே அழிச்சிருங்க. இந்தா, இதான் பட்டன்" என்று அவருடைய நல்ல கைவிரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள்.

அவர் சரி என்றும் சொல்லவில்லை, விரலையும் எடுக்கவில்லை. எனக்கு அது போதும். வாயைத் துடைத்து, செயலற்ற கைக்குத் தலையணை கொடுத்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தேன். மகள் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

முதல் படத்தை உடனே அழித்தார். அடுத்ததில் முக்காடு சரியில்லை. அதற்கடுத்ததில், "இவ கண்ண மூடிட்டா. அழி."

"உம்மா, வேன் நிக்கு!"

"நிக்கட்டும். மாப்பிள எங்கன ஓடிருவான்?"

அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். அந்த நேரத்தில் முஹ்ஸினா எடுத்த படத்தில் வாய் நன்றாகவே கோணியிருந்தது. அதை நீட்டியதும் இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். பட்டன் மேல் விரலை வைத்தபடி வெகுநேரம் பார்த்தார்.

"சிரிச்சா இவளுக்கு எம் மூஞ்சி" என்றார். "இது இருக்கட்டும்."

மண்டபத்தில் மேடை தூரம். அதனால் ஜூமை மாட்டிக்கொண்டு முஹ்ஸினா வேனில் ஏறினாள். வீடு அமைதியானதும் ஹாஜரா பீவி பசிக்கிறது என்றார். இடியாப்பத்தைப் பாலில் பிசைந்து கொடுத்தேன். வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்.